கறிவேப்பிலை: பெயரும் வழக்காறும்

முன்னுரை

தேவை தீர்ந்தபின் ஒதுக்கப்படுபவரைக் 'கறிவேப்பிலை' என்பது தமிழர் பேச்சு வழக்கு. இவ்வுவமையைச் சான்றாகக் கொண்டு, அவ்விலை மணத்திற்கு மட்டுமே உரியது, உண்பதற்கன்று எனக் கருதலாமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கியச் சான்று

பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், அந்தணர் இல்லத்தில் பாணர் பெறும் உணவை விவரிக்கிறார். வெண்ணெயில் வெந்த மாதுளங்காய்ப் பிளவுகளுடன் மிளகுப்பொடியும் கஞ்சகத்தின் முறியும் கலக்கப்பெறுகின்றன. கஞ்சகம் என்பதை உரைமரபு கறிவேப்பிலை எனக் கொள்ளும். முறி என்பது தளிரைக் குறிக்கும் சொல். அது உணவோடு அளாவப்பட்டதாகவே புலவர் கூறுகிறார். பின்னர் நீக்கப்பட்டதாகக் குறிப்பில்லை. எனவே, மென்தளிர் உணவின் பகுதியாகவே உண்ணப்பட்டது எனக் கருதுதல் பொருந்தும்.

பெயர்க் காரணம்

அப்பகுதியில் கறி என்னும் சொல் மிளகையே சுட்டுகிறது; இலையின் பெயரில் அச்சொல் இடம்பெறவில்லை. பின்னர் வழங்கும் பெயர் கறிவேப்பிலை, கருவேப்பிலை என இருவகையாக எழுதப்படுகிறது. முன்னது பயனையும், பின்னது நிறத்தையும் முன்னிறுத்துகிறது. மலையாளத்தில் வல்லின றகரம் பெற்ற கறிவேப்பு என்னும் வடிவம் முன்னதற்கும், கரிய வேம்பு எனப் பொருள்தரும் கிருஷ்ணநிம்பம் என்னும் வடமொழிப் பெயர் பின்னதற்கும் துணையாகின்றன. இக்காலக் கன்னடத்தில் ரகர றகர வேறுபாடு மறைந்துவிட்டதால், கரிபேவு என்னும் பெயர் எப்பக்கத்திற்கும் உறுதியான சான்றாகாது. இரு வடிவங்களிலும் நிலைபெறும் 'வேம்பு' இலைத் தோற்ற ஒப்புமையால் அமைந்தது. தாவரவியல் நோக்கில் இச்செடி வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

வழக்காறு

தாளிப்பில் இடப்படும் முற்றிய இலை, தன் மணத்தை எண்ணெயில் இறக்கிவிட்டுத் தனித்து நிற்கும். உண்பவர் அதனை இலையோரத்தில் ஒதுக்குவர். மேற்கூறிய உவமை இப்பழக்கத்தினின்று பிறந்ததாகலாம். ஆயின், துவையலிலும் பொடியிலும் அதே இலை முழுமையாக அரைபட்டு முதன்மை உணவுப்பொருளாகிறது. இவ்விரு பக்குவங்களிலும் ஒதுக்குதற்கு எதுவும் எஞ்சுவதில்லை.

முடிவுரை

கறிவேப்பிலை உவமை தாளிப்பு என்னும் ஒரு சமையல் முறையை மட்டுமே பதிவுசெய்கிறது. தளிராகக் கலந்துண்ட பழைய முறையும், அரைத்துண்ணும் இன்றைய முறையும் அதனுள் அடங்குவதில்லை. உணவு வரலாற்றிற்கு வழக்காறுகளைச் சான்றாக்குவோர், அவை எந்தப் பக்குவத்தினின்று தோன்றின என்பதை முதற்கண் வரையறுத்தல் வேண்டும்.