ஆர்ஜிரோடைட்டு: ஒரு கனிமப் பெயரும் அதன் தமிழாக்கமும்

கனிமப் பெயர்களைத் தமிழாக்குவோர் சொற்பொருளைப் பெயர்ப்பதா, ஒலியைப் பெயர்ப்பதா என்னும் வினாவை எதிர்கொள்கின்றனர். ஆர்ஜிரோடைட்டு என்னும் அரிய சல்பைடுக் கனிமம் இதற்குத் தக்க சான்றாகும்.

வெள்ளி அணுக்கள் எட்டும், ஜெர்மானியம் ஒன்றும், கந்தகம் ஆறுமாக அமைந்த சேர்மம் இது. செம்மை விரவிய எஃகுச் சாம்பல் நிறமும் உலோகப் பளபளப்பும் உடையது, நாட்படக் கறுக்கும். கடினத்தன்மை 2.5, கத்தியால் எளிதில் கீறலாம். நீரைவிட ஆறு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. செருமனியின் சாக்சனிப் பகுதியில், பிரைபெர்க் நகரை அடுத்த வெள்ளிச் சுரங்கமொன்றில் 1885இல் கண்டறியப்பட்டது, பொலிவியாவிலும் கிடைக்கிறது.

வைஸ்பாக் என்னும் அறிஞர் வெள்ளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாக இதற்குப் பெயரிட்டார். ஆனால் இதைப் பகுத்தாய்ந்த வின்க்ளரின் கணக்கில் ஏறத்தாழ 7 விழுக்காடு குறைந்தது. அக்குறையே 1886இல் ஜெர்மானியம் என்னும் புதுத் தனிமமாக வெளிப்பட்டது. மெண்டலீவ் 1871இல் முன்னுரைத்த ‘ஏகசிலிக்கன்’ இதுவே. (‘ஏக’ என்பது வடசொல், சிலிக்கனுக்கு அடுத்த ஓரிடம் என்பது கருத்து. ஆங்கில எழுத்தைப் பார்த்து இதனை ‘எக்கா’ என எழுதுவது நமக்குத் தெரிந்த சொல்லையே அயற்சொல்லாக்குவதாகும்.)

ஆகவே, கனிமத்தின் பெயர் அதன் சிறப்புக் கூறாகிய ஜெர்மானியத்தைச் சுட்டவேயில்லை. ‘வெள்ளிக் கனிமம்’ எனப் பொருள்பெயர்த்தால் இடர் பெருகும். ஆர்ஜென்டைட்டு என்னும் வெள்ளிச் சல்பைடின் பெயரும், இலத்தீன் வழியே, வெள்ளியையே சுட்டுகிறது. அதில் ஜெர்மானியம் இல்லை. கிரேக்கமும் இலத்தீனும் பிரித்து வைத்த இரு பொருள்கள் தமிழில் ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். எனவே ஒலிபெயர்ப்பை ஏற்று, முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘வெள்ளி ஜெர்மானியச் சல்பைடு’ என விளக்கம் சேர்ப்பது பொருத்தமாகும்.