உதட்டுக் கொப்புளமும் மாத்திரையின் மாவும்

உதட்டோரத்தில் முதலில் குறுகுறுப்பும் எரிச்சலுமாகத் தொடங்கி, மறுநாள் நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக எழும்பி, பின் உடைந்து பொருக்குத் தட்டி, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் மறைந்துபோகும் உபாதையை, உடற்சூட்டின் மேல் பழி போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது நம் ஜனங்களின் வழக்கம். உண்மையில் அதற்குக் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் முதல் வகை. பெரும்பாலும் பால்யத்திலேயே சரீரத்தில் புகுந்துவிடும் இக்கிருமி, முகத்து நரம்பு முடிச்சில் ஆயுள் முழுவதும் உறங்கிக் கிடந்து, காய்ச்சல், கடும் வெயில், மனக்கிலேசம், மாதவிலக்கு முதலிய சந்தர்ப்பங்களில் விழித்தெழுந்து உதட்டுக்கு இறங்குகிறது. உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் 64 சதவீதத்தினர், அதாவது சுமார் 380 கோடி பேர், இதைத் தாங்கியிருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆகையால் இதில் வெட்கப்படுவதற்கு எதுவுமில்லை.

ஆனால் சீலியாக் நோயுடையவருக்கு இந்தச் சிறு உபாதையே பெரிய சந்தேகத்தைக் கொண்டுவருகிறது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே சென்றால் அவருடைய சொந்த நோயெதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்பரப்பைச் சிதைத்துவிடும். அதற்கு இன்றுவரை உள்ள ஒரே பரிகாரம் ஆயுள் முழுவதும் அப்புரதத்தை விலக்குவதுதான். இட்லியையும் சோற்றையும் நம்பி ஜாக்கிரதையாக வாழ்ந்துவரும் அப்படிப்பட்டவர், கையில் ஒரு மாத்திரையைக் கொடுத்ததும், இதற்குள் என்ன மாவு இருக்கிறதோ என்று தயங்குவது நியாயமே.

அந்தத் தயக்கத்துக்குத்தான் இங்கே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற மருந்துகள் குறுகுறுப்புத் தோன்றிய முதல் நாளிலேயே தொடங்கினால்தான் தக்க பலன் தரும். கொப்புளம் முற்றி உடைந்தபின் உட்கொண்டால் பயன் சொற்பமே. விசாரித்து விடை வரும்வரை காத்திருந்தால் அந்த நாள் கைநழுவிப்போகும். எனவே அடிக்கடி இவ்வுபாதைக்கு ஆளாகும் சீலியாக் நோயாளி, தேக சௌக்கியமாக இருக்கும் நாளிலேயே மருத்துவரைக் கண்டு, எந்த மருந்து, எந்த அளவு என்பதைத் தீர்மானித்து வைத்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பின் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். இம்மருந்துகளின் அளவு அதைப் பொறுத்தே மாறும்.

இனி மாவைப் பற்றி. மருந்துப் பொருளில் குளூட்டன் கிடையாது. அதை மாத்திரையாகத் திரட்டச் சேர்க்கும் ஸ்டார்ச்சில்தான் சந்தேகம். அது பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்தோ உருளைக்கிழங்கிலிருந்தோ எடுக்கப்படுவது, அபூர்வமாகவே கோதுமை. கோதுமை ஸ்டார்ச் சேர்ந்தாலும் ஒரு மாத்திரையில் குளூட்டன் அரை மில்லிகிராமுக்கு மேல் இராது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட வரைவு வழிகாட்டியில் கணித்திருக்கிறது. குளூட்டன் இல்லாதது என்று விற்கப்படும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்க நம் சட்டமே இடம் கொடுப்பதால், அத்தகைய ரொட்டி 50 கிராமில் ஒரு மில்லிகிராம் இருக்கக்கூடும் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தால், பயந்து மருந்தை நிறுத்துவது விவேகமாகாது என்பது விளங்கும்.

என்றாலும் கேட்டறிய நோயாளிக்குப் பூரண உரிமை உண்டு. பிஸ்கட் பொட்டலத்தில் கோதுமை இருந்தால் அச்சிட வேண்டுமென்று கட்டாயப்படுத்தும் நம் தேசத்தில், மாத்திரை அட்டையோ 'எக்ஸிபியன்ட்ஸ் க்யூ.எஸ்.' என்ற ஒற்றை வரியுடன் மௌனமாகிவிடுகிறது. அதாவது துணைப்பொருள்கள் தேவையான அளவு. இது குறைபாடு என்பதே என் திடமான அபிப்பிராயம். அட்டையில் உற்பத்தியாளரின் பெயரும் விலாசமும் கட்டாயம் இருக்கும். மருந்தின் பெயர், தொகுதி எண் இரண்டையும் குறிப்பிட்டு, ஸ்டார்ச் எந்தத் தானியத்தினுடையது என்று எழுத்து மூலம் கேளுங்கள். பொருளின் தரம், தூய்மை பற்றி அறியும் உரிமையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அளிக்கிறது; 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் முறையிடலாம். மருந்து உண்டபின் விபரீதம் ஏதும் நேர்ந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் தெரிவிக்கலாம். கடைக்காரர் வேறு நிறுவனத்தின் மாத்திரையை மாற்றிக் கொடுத்தால், துணைப்பொருளும் மாறியிருக்கலாமாதலால் மறுபடியும் விசாரிக்க வேண்டும்.

மாத்திரையைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் குடும்பங்களில், நோயாளிக்கு வைத்துத் தரும் ரசத்தில் கூட்டுப் பெருங்காயம் விழுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதில் கோதுமை மாவு கலப்பது சகஜம். தெம்புக்கென்று ஆற்றிக் கொடுக்கும் மால்ட் பானமோ பார்லியிலிருந்தே உண்டாவது. மாத்திரையில் இருக்கக்கூடியதைவிடப் பன்மடங்கு குளூட்டன் இவ்வழியாகவே உட்சென்றுவிடுகிறது.

வாய்க்குள் வரும் வெண்புண்ணையும் கடைவாய் வெடிப்பையும் இக்கொப்புளத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. அவை வைரஸால் அன்றி, சீலியாக் நோயின் விளைவாகவோ இரும்புச்சத்துக் குறைவாலோ வரக்கூடியவை. அவற்றுக்கு அசைக்ளோவிர் உதவாது, இரத்தப் பரிசோதனையே வழி.

கொப்புளம் ஆறும்வரை கைக்குழந்தையை முத்தமிடலாகாது. பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்கு இக்கிருமி பிராணாபாயம் விளைவிக்கும். கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்குவதும் ஆகாது. கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால், அக்கி எழுதிக்கொண்டும் மாத்திரையின் மாவை ஆராய்ந்துகொண்டும் பொழுதைப் போக்காமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் சென்றுவிட வேண்டும்.