கோட்டையில் குரங்கு, கணினியில் ஒற்றைக்கொம்புக் குதிரை

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் தின்பண்டப் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது நல்லது. அங்குள்ள குரங்குகளுக்கு உறை கிழிக்கும் சத்தம் நன்றாகத் தெரியும். அதே கோட்டையின் கீழ்ப்பகுதியில், 16ஆம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் கட்டிய வெங்கடரமணர் கோயில் இருக்கிறது. அதன் கோபுர வாசலில் இராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைந்த கதையும் செதுக்கப்பட்டுள்ளன. வெளியே குரங்கைக் கண்டு அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்த பிள்ளை, உள்ளே அனுமன் என்றதும் கைகூப்புகிறது. இரண்டையும் அது குழப்பிக்கொள்வதில்லை.

இதைச் சொல்லக் காரணம், கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பெற்றோருக்கு அடிக்கடி வரும் ஒரு சந்தேகம். நிஜ விலங்குகளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டிய விளையாட்டில் கற்பனை விலங்கு எதற்கு? பிள்ளை அதையும் உண்மை என்று நம்பிவிடாதா?

2001இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'ஜூ டைகூன்' இதற்கு நல்ல உதாரணம். விளையாடுபவர்தான் உயிரியல் பூங்காவின் முதலாளி. சிங்கத்தை வாங்கிக் கூண்டில் விட்டால் மட்டும் போதாது. அதற்கேற்ற புல்வெளி, மரம், பாறை, தண்ணீர், வேலி எல்லாம் அமைய வேண்டும். தரை பொருந்தாவிட்டால் விலங்கு முகம் சுளிக்கும், பார்வையாளர்கள் முணுமுணுப்பார்கள், வருமானம் படுத்துவிடும். எந்த விலங்குக்கு எந்த வாழிடம் என்பது பாடப்புத்தகத்தைவிட இதில் சீக்கிரம் மனதில் பதியும். இப்படிக் கறாரான விளையாட்டுக்குள் ஒரு குறும்பையும் ஒளித்துவைத்திருந்தார்கள். ஓர் அடைப்புக்கு 'ஜானடு' என்று பெயர் வைத்தால், வாங்கக் கிடைக்கும் விலங்குகளோடு ஒற்றைக்கொம்புக் குதிரையும் வந்து சேரும்.

அது ஒளித்துவைக்கப்பட்டிருந்தது என்பதுதான் முக்கியம். சிங்கமும் யானையும் எல்லாருக்கும் கிடைக்கும்; இதற்கு மட்டும் ரகசியம் தெரிய வேண்டும். ரகசியத்தை நண்பனிடமிருந்து கேட்டுக்கொண்டு வந்த பிள்ளைக்கு, இது நிஜப் பட்டியலில் சேராத ஆள் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

கற்பனை விலங்குகள் மேல் பிள்ளைகளுக்கு உள்ள மோகம் சாதாரணமானதல்ல. பிரிட்டனில் ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் பள்ளிப் பிள்ளைகளிடம் போகிமான் என்ற கற்பனை உயிரினங்களின் படங்களையும் உள்நாட்டு உயிரினங்களின் படங்களையும் காட்டிப் பெயர் கேட்டார்கள். 8 வயதுப் பிள்ளைகள் போகிமானில் ஏறக்குறைய 80 சதவீதத்தைச் சரியாகச் சொன்னார்கள். நிஜ உயிரினங்களில் பாதியளவே தேறியது. 2002இல் 'சயன்ஸ்' இதழில் இது வெளிவந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் இங் இதைப் படித்துவிட்டு, போகிமானைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. போகிமான் சீட்டு விளையாட்டின் வடிவத்தையே எடுத்து, நிஜ உயிரினங்களை வைத்து 'ஃபைலோ' என்ற விளையாட்டை உருவாக்கினார்.

நம் ஊருக்கு இந்தக் கலவை புதிதல்ல. ஆடுபுலி ஆட்டத்தில் நிஜ விலங்குகள் மட்டும்தான்: மூன்று புலி, பதினைந்து ஆடு. பரமபதத்துக்கு வந்தாலோ பாம்புகளுக்கு அசுரர் பெயர் வந்துவிடுகிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்கள் ஒரே பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். சமண மரபில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னம் உண்டு. காளை, யானை, குதிரை, குரங்கு, ஆமை, பாம்பு, சிங்கம் என்று போகும் அந்தப் பட்டியலில் மகரம் என்ற கற்பனை விலங்கும் உட்கார்ந்திருக்கிறது. செஞ்சியின் சொந்தக் கதையிலும் அப்படித்தான். 1714இல் போரில் மாண்ட தேஜ்சிங் வரலாற்று மனிதர். அவரைப் பாடும் தேசிங்குராஜன் கதைப்பாடலில் அவர் அடக்கும் பாராசாரி, தெய்வக் குதிரை.

கோயில் தூண்களில் யாளி என்ற கற்பனை விலங்கைச் செதுக்கிய சிற்பியையும் பாருங்கள். வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் யாளிகள் பாய்ந்து நிற்கின்றன. யாளி உலகில் இல்லை. ஆனால் சிங்கத்தின் பிடரியும் யானையின் துதிக்கையும் உண்டு. அவற்றை உற்றுப் பார்க்காதவன் கையில் யாளி உயிர்பெற்றிருக்காது.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது: நிஜ விலங்கையே பொய்யென்று நினைப்பது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிளாட்டிபஸின் பதப்படுத்திய உடலை 1799இல் ஆராய்ந்த விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா, வாத்தின் அலகை யாரோ தைத்து ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டார். எது நிஜம் என்பது பெரியவர்களுக்கே சுலபமாகப் பிடிபடுவதில்லை. எனவே விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் செய்ய வேண்டியது கற்பனையை விரட்டுவதல்ல. யானைக்குத் தரும் அதே தகவல் பெட்டியை, எடை, உணவு, ஆயுள் என்று அள்ளிவிட்டு யாளிக்கும் தந்தால்தான் வம்பு. 'இது கதை விலங்கு' என்று ஒரு வரி இருந்தால் தீர்ந்தது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஆளுக்கொரு தாளைக் கையில் கொடுத்துவிடுங்கள். வழியில் பார்த்த உயிருள்ள விலங்கு ஒரு பக்கம், கல்லில் பார்த்தது மறுபக்கம். கல்லில் பார்த்ததில் எந்த உறுப்பு எந்த நிஜ விலங்கிலிருந்து வந்தது என்று அவர்களே எழுதட்டும். தின்பண்டத்தை மட்டும் பேருந்திலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.