செம்பரம்பாக்கத்தை இணையத்தில் எழுதுவது எப்படி?

2015 டிசம்பர் 1 இரவு, பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் வெளியேறியது. அடையாற்றில் இறங்கிய அந்த வெள்ளம் மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என ஊர் ஊராக ஏறியது. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றது.

இதை அச்சில் முழுமையாகச் சொல்வது கடினம். ஏரியின் மட்டம் மணிக்கு மணி மாறுகிறது. அதே நேரம் கீழே ஒரு தெரு தூங்கிக்கொண்டிருக்கிறது. நேரத்தையும் மேடு பள்ளத்தையும் ஒன்றாகக் காட்டியாக வேண்டும். இணையப் பக்கத்தில் அது முடியும். வாசகர் விரலால் தள்ளத் தள்ள வரைபடத்தில் நீர் இறங்கும், ஓரத்தில் மணி நகரும்.

2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ‘ஸ்னோ ஃபால்’ இதற்கு முன்னோடி. மூன்று உயிர்களைப் பறித்த பனிச்சரிவைப் பற்றி ஜான் பிராஞ்ச் எழுதியது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. அதைப் பார்த்தவர்கள் பலர் அசையும் படங்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். அது தவறான பாடம். மலைச்சரிவில் யார் எங்கே நின்றார்கள் என்று தெரியாமல் அந்தச் சம்பவம் புரியாது. படம் அசைந்தது அதற்காகத்தான். நம்மிடமும் நல்ல வழிகாட்டி உண்டு. பத்திரிகையாளர் பி.சாய்நாத் 2014-ல் தொடங்கிய, கிராமப்புற வாழ்வைப் பதிவுசெய்யும் ‘பாரி’ இணையதளத்தில் நீண்ட கட்டுரைகளைத் தமிழிலேயே படிக்கலாம். அங்கே ஒளிப்படமும் எழுத்தும் ஒன்றையொன்று சுமக்கின்றன.

தமிழுக்குத் தனிக் கவனம் வேண்டும். நம் சொற்கள் நீளமானவை; செல்போனில் வரிக்கு மூன்று, நான்குதான் அடங்கும். இரு ஓரத்தையும் சமமாக இழுத்தால் நடுவில் ஓட்டை விழும். இடது ஓரம் சீராக இருந்தால் போதும். கி, கு போன்ற எழுத்துகள் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட வேண்டும். பக்கத்தின் எடையும் முக்கியம். ஆவடி மின்சார ரயிலில் நின்றபடி படிப்பவருக்கு, அம்பத்தூர் வருவதற்குள் முதல் படமாவது திறக்க வேண்டாமா?

வடிவமைப்பாளர் எவ்வளவு திறமைசாலியானாலும் சான்று இல்லாமல் இப்படியொரு பக்கத்தைக் கட்ட முடியாது. 2015 வெள்ளம் வந்த வாரம் எடுத்த படமோ வீடியோவோ உங்களிடம் இருந்தால் அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியில் எடுத்த நேரமும் இடமும் பதிவாகியிருக்காது. மூலக் கோப்பைத் தேடியெடுத்து, தெருவின் பெயரையும் மணியையும் எழுதி வையுங்கள்.