கண் இமை அழற்சி: சொட்டு மருந்தை விட தினசரிப் பழக்கமே முக்கியம்

காலையில் எழுந்தால் இமைகள் ஒட்டிக்கிடக்கும். இமை முடியின் அடியில் பொடுகு மாதிரி செதில். நாள் முழுக்க மணல் விழுந்தது போல உறுத்தல். மருந்தகத்தில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டால் ஒரு வாரம் பரவாயில்லை. அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை.

புக்கிட் செந்தோசாவிலிருந்து விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள், 'தூசி பட்டிருக்கும்' என்று இதை விட்டுவிடுவது சுலபம். ஆனால் திரும்பத் திரும்ப வந்தால், அது பிளெஃபரைட்டிஸ் எனப்படும் கண் இமை அழற்சியாக இருக்கலாம்.

ஏன் மறுபடியும் வருகிறது?

நம் இமைகளின் விளிம்பில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. அந்த எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் காய்ந்து போகாமல் காக்கிறது. எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொண்டால் கண் வறண்டு, இமை சிவந்து வீங்கும். தலைப் பொடுகு, பாக்டீரியா, இமை முடியில் வாழும் நுண்ணிய பூச்சிகள் ஆகியவையும் காரணமாகலாம். இது பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. முழுமையாகக் குணமாவது அரிது. ஆனால் கட்டுப்படுத்த முடியும். சரியாகிவிட்டதே என்று பராமரிப்பை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்களின் மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். துணி ஆறினால் மறுபடியும் நனைக்க வேண்டும். கொதிநீர் வேண்டாம்.

பிறகு, மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மெதுவாக நீவிவிடுங்கள். இளகிய எண்ணெய் வெளியே வரும்.

கடைசியாக, கொதித்து ஆறிய நீரில் சில துளி பேபி ஷாம்பு கலந்து, பஞ்சால் இமை விளிம்பைத் துடைத்து எடுங்கள். ஆரம்பத்தில் தினமும் இரண்டு முறை. குறைந்த பிறகும் தினமும் ஒரு முறை. பல் துலக்குவது போலத்தான் இதுவும்.

வீக்கம் இருக்கும்வரை கண்மையும் காண்டாக்ட் லென்ஸும் வேண்டாம். கைப்பேசி பார்க்கும்போது அடிக்கடி கண் சிமிட்டுங்கள். மோட்டார் ஓட்டும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

பாட்டி வைத்தியம் சரியா?

கண்கட்டி வந்தால் உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக வைப்பார்கள். சூடு உதவும் என்பது சரிதான். ஆனால் அந்தச் சூடு சில நொடிகூட நிற்காது, விரலில் அழுக்கும் இருக்கலாம். நாமக்கட்டி, தாய்ப்பால் எல்லாம் கண்ணில் போட வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லாமல் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் கூடி, பார்வையே பாதிக்கப்படலாம்.

எப்போது கிளினிக் போக வேண்டும்?

பார்வை மங்கினால், கடுமையாக வலித்தால், வெளிச்சம் பார்க்கவே கூசினால், அல்லது வீக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றே போங்கள். இரண்டு, மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டாலும் காட்டுங்கள். கண்கட்டி அடிக்கடி வந்தால் இரத்தத்தில் இனிப்பு அளவையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்தான். தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள்.