பிறவியிலேயே குறைந்த கொழுப்பு

கல்லீரல் செல்களின் மேலே அமர்ந்து, ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்-ஐப் பிடித்து உள்ளே இழுப்பவை ஏற்பிகள். அவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் ஆராய்ந்தது கொழுப்பு மிக அதிகமாக இருந்த குடும்பங்களை. அவர்கள் பணியாற்றிய அதே டல்லாஸ் நகரில், அதே பல்கலைக்கழகத்தில், ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் எதிர்ப்பக்கத்திலிருந்து தேடினார்கள். கொழுப்பு மிகவும் குறைவாக இருப்பவர்களின் மரபணுவில் என்ன இருக்கிறது?

விடை பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணுவில் கிடைத்தது. ஏற்பி என்பது நகரப் பேருந்து மாதிரி. கொழுப்பைச் செல்லுக்குள் இறக்கிவிட்டு அடுத்த நடைக்குத் திரும்பிவிடும். பி.சி.எஸ்.கே.9 புரதம் ஒட்டிக்கொண்டாலோ திரும்ப வழியில்லை. நேரே காயலான் கடைதான். இந்தப் புரதம் அளவுக்கு மீறி வேலை செய்ததால் கொழுப்பு எகிறிய பிரெஞ்சுக் குடும்பங்கள் 2003-இல் கண்டறியப்பட்டன. டல்லாஸில் தெரியவந்தது இதற்கு நேர்மாறு. கறுப்பினத்தவர் சிலரிடம் இந்த மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்திருந்தது. ஏற்பிகள் நிறைய மிஞ்சின, கொழுப்பு குறைந்தது.

இதனால் இதயத்துக்கு என்ன லாபம்? 2006-இல் வெளியான முடிவு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அமெரிக்காவில் 15 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்ட கறுப்பினத்தவரில் 2.6 சதவீதத்தினருக்கு இந்த மாறுபாடு இருந்தது. அவர்களின் எல்.டி.எல். சராசரியாக 28 சதவீதம் குறைவு. இதய ரத்தக்குழாய் நோய் அபாயமோ 88 சதவீதம் குறைவு! அந்த மக்களிடையே ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் எல்லாம் பரவலாக இருந்தும் இப்படி.

எல்.டி.எல்-ஐ 28 சதவீதம் குறைக்க ஸ்டேட்டின் மாத்திரையாலும் முடியும். ஆனால் நடுவயதுக்குப் பிறகு சில ஆண்டுகள் சாப்பிடும்போது அபாயம் ஏறத்தாழ கால் பங்குதான் குறைகிறது. வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. குழாய்ச் சுவரில் கொழுப்பு படிவது இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. இவர்களுக்கோ பிறந்த நாளிலிருந்தே பாதுகாப்பு. "ஐம்பது வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நம் வழக்கம் தவறு என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் செயலிழந்த பிரதிகளைப் பெற்ற ஒரு பெண்ணையும் டல்லாஸ் குழு கண்டது. எல்.டி.எல். வெறும் 14 மில்லிகிராம், நல்ல ஆரோக்கியம். அந்தப் புரதம் இல்லாமலும் நலமாக வாழலாம் என்று தெரிந்தபின் மருந்து நிறுவனங்கள் தயங்கவில்லை. அதைத் தடுக்கும் இரண்டு ஊசி மருந்துகள் 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

எதிர்ப்பக்கத்தில், ஏறத்தாழ 250 பேரில் ஒருவர் கொழுப்பை உயர்த்தும் பரம்பரைக் கோளாறோடு பிறக்கிறார். அவருடைய ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஒல்லியான உடல்வாகோ, சைவ உணவோ இதை முழுதாகத் தடுத்துவிடாது. உங்கள் அப்பா, அண்ணன், தம்பி யாருக்காவது 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், இந்த மாதமே லிப்பிட் புரொஃபைல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் உங்கள் பிள்ளைகளையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.