ஜிப் கோப்பும் ஃபில் கேட்ஸும்

ஜிப் கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்தால், புரியாத குறிகளுக்கு முன்னால் 'பிகே' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரியும். அவை ஃபில் கேட்ஸின் பெயரெழுத்துகள். அமெரிக்காவின் மில்வாக்கியைச் சேர்ந்த நிரலாளர் அவர். 1989-இல் கோப்புகளைச் சுருக்கும் பிகேஜிப் மென்பொருளை வெளியிட்டார். தொலைபேசி இணைப்பில் மோடம் வழியே கோப்புகள் மெல்ல இறங்கிய காலம் அது. கோப்பு சுருங்கினால் தொலைபேசிச் செலவும் குறைந்தது.

எப்படிச் சுருங்குகிறது? ஒரு சொற்றொடர் மறுபடி வந்தால், 'இத்தனை எழுத்து பின்னால் போய், இவ்வளவு நீளம் எடுத்துக்கொள்' என்ற குறிப்பு மட்டும் பதிவாகும். 1977-இல் ஆபிரகாம் லெம்பெலும் யாக்கோப் ஸிவும் வகுத்த வழி இது. அடிக்கடி வரும் குறிகளுக்குக் குட்டையான குறியீடு தருவது 1952-இல் டேவிட் ஹஃப்மன் கண்ட முறை. இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. விரிக்கும்போது ஓர் எழுத்துகூடத் தொலையாது. ஜேபெக் படங்களும் எம்பி3 பாடல்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை ஜிப் செய்தாலும் அளவு அதிகம் குறையாது.

கேட்ஸ் செய்த பெரிய காரியம், ஜிப் வடிவத்தின் விவரங்களை எல்லோருக்கும் திறந்து கொடுத்தது. யார் வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்தி மென்பொருள் எழுத முடிந்தது. 2000 ஏப்ரலில், 37 வயதிலேயே அவர் காலமானார். இன்று ஆண்ட்ராய்டு செயலியின் ஏபிகே கோப்பும், இபப் மின்னூலும், வேர்டின் டாக்எக்ஸும் உள்ளுக்குள் ஜிப்தான். டாக்எக்ஸ் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் கடைசிப் பகுதியை 'ஜிப்' என்று மாற்றித் திறந்தால், அதிலுள்ள படங்களைத் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம்.